தோலைக் காக்கும் தோல்

தோல் என்னும் சொல்லுக்குத் தமிழில் பொருள்கள் பல. உடலைப் போர்த்திருக்கும் உறுப்பு என்பது யாவரும் அறிந்த பொருள். பழந்தமிழ் நூல்களில் அச்சொல் யானையையும் குறித்தது. போர்மறவர் கையில் ஏந்திய கேடயத்தையும் குறித்தது. தொல்காப்பியர் செய்யுளின் எண்வகை வனப்புகளுள் ஒன்றுக்கு அப்பெயரையே இட்டார். காலில் அணியும் செருப்பைச் சங்கப் புலவர் தொடுதோல் என்றனர். கேடயத்துக்கும் செருப்புக்கும் இச்சொல் வந்து பொருந்தியதில் வியப்பில்லை. தன் தோலைக் காத்துக்கொள்ள மனிதன் விலங்கின் தோலை நாடியது மிகப் பழைய வழக்கம்.

வேலும் வாளும் போய்விட்டன. தோலுக்கு வரும் ஆபத்து மட்டும் போகவில்லை. இன்று அது தார்ச்சாலையின் உருவில் நாள்தோறும் நம் காலடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பத்துக்கு ஆறு பேருக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பது பல ஆண்டுகளாகவே மாறாத கணக்கு. இந்நாட்டில் 16 வயது நிரம்பியவர் மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமம் பெறலாம். ஆகவே நம் ஆசிரியர்களிடம் நான்காம் படிவத்திலும் ஐந்தாம் படிவத்திலும் பயிலும் மாணவருள் பலர் பள்ளிப் படிப்பு முடியுமுன்னரே சாலைக்கும் உரியவராகிவிடுகின்றனர். தலைக்கவசம் அணிவதை 1973ஆம் ஆண்டின் விதிகள் கட்டாயமாக்கின. உடலின் ஏனைய பகுதிகளை எதனால் மூடுவது என்பது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. அவ்விருப்பம் அறிவோடு சேர வேண்டுமானால், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணியும் தோலாடையைப் பற்றிச் சில செய்திகளை நாம் தெரிந்திருத்தல் நலம்.

சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. ‘ஜாக்கெட்’ என்றால் தமிழர் இல்லங்களில் பெண்டிர் அணியும் இரவிக்கை என்றே பொருள்படும். ஆதலின் இக்கட்டுரையில் தோல் மேலங்கி என்றே வழங்குவோம்.

விழுதலும் வழுக்குதலும்

ஓடும் வண்டியிலிருந்து விழுபவருக்கு இருவகைத் தீங்குகள் நேர்கின்றன. ஒன்று விழுதல், மற்றொன்று வழுக்குதல். இவ்விரண்டையும் பிரித்தறிந்தாலொழிய எந்தக் காப்பு எதற்கு என்பது விளங்காது.

வண்டியில் அமர்ந்திருப்பவரின் தோள் தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அவ்வுயரத்திலிருந்து தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர் அளவில் இருக்கும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் 110 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும் இக்கீழ்நோக்கிய வேகம் மாறுவதில்லை. அந்த அடியைத் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய எலும்பு முனைகளே முதலில் ஏற்கின்றன. ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய கனமுடைய தோல் எலும்பை எவ்வாறு காக்கும்? அதற்கெனவே அவ்விடங்களில் அடர்ந்த நுரைப்பொருளால் ஆன மெத்தைகளைச் செருகுகின்றனர். கடைக்காரர் ‘பேட்’ என்பார். நாம் அடிதாங்கி எனலாம்.

அடுத்தது வழுக்குதல். இங்கே வண்டியின் வேகமே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சமமான, காய்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.7 எனக் கொண்டு கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில் விழுந்தவர் ஏறத்தாழ 14 மீட்டர் இழுபட்டு, 2 நொடிகளில் நிற்பார். 100 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவரோ 56 மீட்டர் இழுபட்டு, 4 நொடிகளுக்குப் பின்னரே நிற்பார். வேகம் இரு மடங்காயின் தூரம் நான்கு மடங்காகிறது. அத்தூரம் முழுவதும் சாலை உப்புத்தாளைப் போல் உடலைத் தேய்க்கிறது. தேய்ந்தது மேல்தோல் மட்டுமாயின் அது தானே வளர்ந்து ஆறும். ஆழமாகத் தேய்ந்துவிட்டால், தொடை போன்ற வேறிடத்திலிருந்து தோலைச் சீவியெடுத்து ஒட்ட வேண்டிவருகிறது. சாலையின் மண்ணும் கருந்துகளும் புண்ணுக்குள் தங்கிவிட்டால் அவற்றைத் தேய்த்துக் கழுவியெடுப்பது மற்றொரு வேதனை. அந்தச் சில நொடிகள் நம் தோலுக்குப் பதிலாகத் தான் தேய்ந்து கொடுப்பதே தோலாடையின் கடமை.

எவ்வளவு நேரம் அது தாங்கும் என்பதை அளக்கப் பொறிகள் உள்ளன. ஐரோப்பாவில் 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஈ.என். 13595 என்னும் தரவிதியின்படி, நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் சொரசொரப்பான பட்டையின்மேல் ஆடையின் துண்டை விழச் செய்து, துளை விழும்வரை ஆகும் நேரத்தை அளப்பர். தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் ஆகிய இடங்களுக்குரிய துண்டு முதல் நிலையில் 4 நொடியும், இரண்டாம் நிலையில் 7 நொடியும் தாங்க வேண்டும் என்று அவ்விதி வகுத்திருந்தது. சாதாரண ஜீன்ஸ் துணி இப்பொறியில் பெரும்பாலும் ஒரு நொடியைத் தாண்டுவதில்லை. தடித்த துணிதானே, போதாதா என்று எண்ணுவோர் இவ்வேறுபாட்டைக் கருதிப் பார்க்க வேண்டும்.

பச்சைத்தோல் பதனிட்ட தோலாதல்

தோலுக்கு இந்த வலிமை எங்கிருந்து வந்தது? விலங்கின் தோல் கொல்லாஜன் என்னும் புரத இழைகளால் ஆனது. துணியில் இழைகள் பாவும் ஊடுமாக இரு திசையிலேயே ஓடுகின்றன. தோலிலோ அவை எல்லாத் திசைகளிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆகவே மேற்பரப்பில் சில இழைகள் அறுந்தாலும் அடியிலுள்ளவை பிடியை விடுவதில்லை. துணி நூல்நூலாகப் பிரிவதுபோல் தோல் பிரிவதுமில்லை.

எனினும் பச்சைத்தோல் அப்படியே பயன்படாது. ஈரமாயிருந்தால் அழுகும்; காய்ந்தால் பலகைபோல் விறைக்கும். பதனிடுதல் என்பது அக்கொல்லாஜன் இழைகளை வேறொரு பொருளால் ஒன்றோடொன்று பிணைத்து நிலைபெறச் செய்வதாகும். தமிழகத்தில் நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டவை ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஆவாரை பூத்திருக்கும் இடத்தில் சாவுக்கு இடமில்லை என்னும் கருத்துடைய பழமொழி மருந்தைப் பற்றி எழுந்தது. அதே ஆவாரையின் பட்டை, ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்று உலகச் சந்தை அறிந்த பதனிட்ட தோலுக்கும் மூலமாயிற்று. அத்தோலுக்கு இந்தியாவில் 2008ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. 1948ஆம் ஆண்டில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் நிறுவப்பட்டது.

குரோமிய உப்பால் பதனிடும் முறைக்கு அகஸ்டஸ் சூல்ட்ஸ் என்பவர் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதனை எளிதாக்கினார். இன்று மோட்டார் சைக்கிள் மேலங்கிகளுக்குப் பெரும்பாலும் குரோமியத்தால் பதனிட்ட தோலையே பயன்படுத்துகின்றனர். காரணம் எளிது. நனைந்த பச்சைத்தோல் 65 பாகை வெப்பத்தை ஒட்டிச் சுருங்கிவிடும். பட்டையால் பதனிட்டது 75 முதல் 85 பாகைவரை தாங்கும். குரோமியத்தால் பதனிட்டதோ கொதிநீரின் வெப்பத்தையும் ஏறத்தாழத் தாங்கி நிற்கும். சாலையில் இழுபடும்போது உராய்வு வெப்பத்தைத் தோற்றுவிக்கிறது என்பதை எண்ணினால் இதன் பயன் விளங்கும். அன்றியும், குரோமியத் தோல் மென்மையானது. உடலின் அசைவுக்கு இணங்கிக் கொடுப்பது.

எதைப் பார்த்து வாங்குவது?

1928ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஷாட் நிறுவனம் ஜிப் வைத்த தோல் மேலங்கியை மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கென வெளியிட்டது. 1953இல் ‘தி வைல்டு ஒன்’ என்னும் திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ அத்தகைய மேலங்கியணிந்து தோன்றிய பின், உழைப்பாடை அழகாடையாயிற்று. வண்டியே இல்லாதவரும் அதை விரும்பி வாங்கலாயினர். இதனால் ஒரு குழப்பம் விளைந்தது. இன்று கடைத்தெருவில் தொங்கும் தோல் மேலங்கிகளுள் பெரும்பாலானவை உருவத்தால் மட்டுமே மோட்டார் சைக்கிள் மேலங்கிகள். அவற்றின் தோல் 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர் கனமே உடையது, அடிதாங்கி இல்லை, தையலும் சட்டைக்குரிய தையலே. சாலைக்கென்று செய்யப்படும் மாட்டுத்தோல் மேலங்கியோ 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கனமுடையது. கையில் எடுத்தாலே எடை வேறுபாடு தெரியும்.

மாட்டுத்தோல் எளிதில் கிடைப்பது, உறுதியானது. அதை அணிய மனம் ஒப்பாத இல்லத்தார்க்கு ஆட்டுத்தோல் உண்டு. வெள்ளாட்டுத்தோல் மெல்லியதாயினும் இழைநெருக்கம் உடையது. கையுறைக்கு மிக ஏற்றது. கங்காருத்தோலின் இழைகள் மேற்பரப்புக்கு இணையாக ஓடுவதால், கனம் குறைந்தும் வலிமை குறையாது. பந்தய வீரர் விரும்புவது அதனை. செம்மறித்தோல் தொடுவதற்குப் பட்டுப்போல் இருக்கும். ஆயின் அதன் அடுக்குகள் எளிதில் பிரிந்துவிடும், சாலைக்கு ஆகாது. தடித்த தோலை இரண்டாகப் பிளந்தெடுத்த அடித்துண்டின்மீது வண்ணப் பூச்சிட்டு விற்பதும் உண்டு. மயிர் முளைத்திருந்த மேல்புறமே நெருக்கமான இழைகளை உடையது. ஆதலால் மேல்புறம் நீங்காத முழுத்தோலா என்று கேட்டு வாங்க வேண்டும்.

தோலைப் பற்றி இவ்வளவு கூறினாலும், அதைவிட முதலாகப் பார்க்கத்தக்கது தையல். ஆடை விழுபவரைக் கைவிடும்போது பெரும்பாலும் தோல் தேய்ந்து துளைபடுமுன்னரே தையல் பிரிந்து வாய் திறக்கிறது. வெளியே ஒற்றை வரியாக நூல் ஓடினால், சாலை அந்நூலை முதல் உரசலிலேயே அறுத்துவிடும். ஆகவே ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு அல்லது மூன்று வரித் தையல் இருக்க வேண்டும். அவற்றுள் ஒரு வரியாவது தோலின் மடிப்புக்குள் மறைந்திருக்க வேண்டும். நூல் நைலானோ பாலியெஸ்டரோ ஆகலாம். பருத்தி நூல் வியர்வையில் நைந்துபோகும். தையற்புள்ளிகள் மிக நெருக்கமாக இருப்பதும் நன்றன்று. அஞ்சல்தலைத் தாளில் துளையிட்ட வரியைப் போல் அவ்விடம் எளிதில் கிழிந்துவிடும். இணைப்புகள் முழங்கையின் வெளிப்புறத்திலும் தோள்முனையிலும் இல்லாமல் உட்புறமாக ஒதுங்கியிருப்பின் அது தேர்ந்த தையற்காரரின் வேலை என அறியலாம். இரு பக்கத்தையும் கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். நூல் இடைவெளி காட்டிப் பல்லிளித்தால் அம்மேலங்கியை வைத்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது, அளவு. கண்ணாடி முன் நின்று பார்த்து வாங்குவது சட்டைக்குப் பொருந்தும், மேலங்கிக்குப் பொருந்தாது. கடையிலேயே ஒரு நாற்காலியில் அமர்ந்து, கைப்பிடியைப் பற்றுவதுபோல் இரு கைகளையும் முன்னே நீட்ட வேண்டும். அந்நிலையில் கைநுனி மணிக்கட்டை விட்டு மேலேறக் கூடாது; முதுகின் கீழ்விளிம்பு இடுப்பைவிட்டு உயரக் கூடாது; முழங்கையின் அடிதாங்கி முழங்கை முனையிலேயே அமர்ந்திருக்க வேண்டும். அடிதாங்கியைக் கையால் தள்ளினால் பக்கவாட்டில் நகர்ந்துவிடுமாயின், விழும்போதும் அது நகர்ந்துவிடும். தோல் அணிய அணியச் சற்று நெகிழும். ஆதலால் முதல் நாள் சிறிது இறுக்கமாக இருப்பதே சரி.

நான்காவது, தரச்சீட்டு. ஐரோப்பாவின் ஈ.என். 17092 என்னும் தரவிதி 2020இல் வெளிவந்தது. அதன்படி ஆடைகள் ஏஏஏ, ஏஏ, ஏ என்று மேலிருந்து கீழாக வகுக்கப்படுகின்றன. தேய்வு மிகுந்த பகுதிக்குரிய துண்டை மணிக்கு 120, 70, 45 கிலோமீட்டர் வேகங்களுக்கு ஒப்பாகச் சுழற்றித் தேய்த்துச் சோதிப்பர். கைகால் அடிதாங்கிகளுக்கு ஈ.என். 1621-1 என்னும் விதி உண்டு. குறிப்பிட்ட அடியில் உடலுக்குக் கடத்தப்படும் விசையின் சராசரி முதல் நிலையில் 35 கிலோ நியூட்டனையும், இரண்டாம் நிலையில் 20 கிலோ நியூட்டனையும் தாண்டலாகாது. ஆகவே ‘2’ என்று பொறித்த அடிதாங்கி ‘1’ என்று பொறித்ததைவிட மேலானது. இவ்வெண்கள் உள்ளே தைத்த சீட்டிலும் அடிதாங்கியின் மீதும் இருக்கும். சீட்டே இல்லாத ஆடையைப் பற்றி விற்பவர் எவ்வளவு புகழ்ந்தாலும் அது வெறும் புகழ்ச்சியே.

பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் வெளிநாட்டுத் தோல் மேலங்கிகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. அவற்றையும் ஒதுக்க வேண்டுவதில்லை. ஆயின் சோதித்து வாங்க வேண்டும். தோலை மடித்து அழுத்தினால் மேற்பரப்பு வெடிக்கிறதா, பூஞ்சண நாற்றம் உண்டா, தையல் இழுவைக்கு நிற்கிறதா என்று பாருங்கள். பழைய அடிதாங்கி விரலால் கிள்ளினால் உதிருமாயின், அதை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கிச் செருகுங்கள்.

ஆய்வு காட்டும் வரிசை

இளைஞர் பலர் கையில் பணம் சேர்ந்ததும் முதலில் வாங்குவது மேலங்கி. அது கண்ணுக்குத் தெரிவது. ஆனால் ஆய்வு வேறு வரிசையைக் காட்டுகிறது. லிஸ் டி ரோம் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் ஆஸ்திரேலியத் தலைநகர் வட்டாரத்தில் விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிள் ஓட்டுநரை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். மோட்டார் சைக்கிளுக்குரிய மேலங்கி அணிந்தவர் மருத்துவமனையில் சேர்க்கப்படும் வாய்ப்பு, அணியாதவரைவிட 21 விழுக்காடு குறைவு. அதற்குரிய காற்சட்டை அணிந்தவர்க்கு 51 விழுக்காடு குறைவு. கையுறை அணிந்தவர்க்கோ 59 விழுக்காடு குறைவு. விழும்போது எவரும் எண்ணிப் பாராமலே கையை ஊன்றுகிறோம் என்பதை நினைத்தால், கையுறையின் சிறப்பு வியப்பளிக்காது.

அதே ஆய்வு மற்றொன்றையும் கூறுகிறது. விபத்தில் சிக்கிய மேலங்கிகளுள் 29.7 விழுக்காடும், காற்சட்டைகளுள் 28.1 விழுக்காடும், கையுறைகளுள் 25.7 விழுக்காடும் பொருள் சேதமுற்றுத் தம் கடமையில் தவறின. மோட்டார் சைக்கிளுக்கென்றே விற்கப்பட்டவற்றின் நிலை இது. தையலையும் தரச்சீட்டையும் நாம் வலியுறுத்துவது இக்காரணம் பற்றியே.

எனவே குறைந்த பணமுடையவர் தலைக்கவசத்துக்கு அடுத்தபடி கையுறையை வாங்குக. உள்ளங்கையின் அடிப்பகுதியில் இரட்டைத் தோல் வைத்ததாகவும், மணிக்கட்டில் வார் பூட்டுவதாகவும் அது இருக்க வேண்டும். வார் இல்லாத கையுறை இழுபடும்போது கழன்றுவிடும். பின்னர்க் கணுக்காலை மூடும் காலணி. அதன் பின்னர்க் காற்சட்டையும் மேலங்கியும். சிலிப்பர் அணிந்து, விலையுயர்ந்த தோல் மேலங்கியும் மாட்டிச் செல்பவர் வீட்டின் முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைத்தவரே ஆவார்.

நம் வெயிலும் மேலங்கியும்

இவையெல்லாம் குளிர்நாட்டார்க்குத்தானே என்று கேட்கலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில் நண்பகல் வெப்பம் 33 பாகையை எட்டுகிறது. காற்றிலோ ஈரம் மிகுதி. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். ஈரக்காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. வெப்பத்தால் களைத்தவரின் கவனம் சிதறும். அதுவும் விபத்துக்கே வழி. ஆகவே வெப்பத்தைப் பொருட்படுத்தாதே என்று கூறுவது அறிவுரையாகாது.

நம் நாட்டில் இதற்கு மக்களே ஒரு வழி கண்டிருக்கின்றனர். மெல்லிய மேற்சட்டையை முன்பின்னாக மாட்டி, முதுகுப்புறம் திறந்திருக்கச் செல்வர். வெயிலையும் எதிர்காற்றையும் தூசியையும் தடுக்க அது போதும். சாலையைத் தடுக்கப் போதாது. விழுந்த கணத்தில் அது தோளைவிட்டு விலகிவிடும். ஆயினும் அவ்வழக்கத்துக்குள் ஒரு பாடம் இருக்கிறது. எந்த ஆடை வெப்பத்தைத் தணிக்கிறதோ, அதையே மக்கள் நாள்தோறும் அணிவர். அலமாரியில் தொங்கும் ஏஏஏ மேலங்கியைவிட, உடலில் இருக்கும் ஏ மேலங்கி காப்பது அதிகம்.

ஆதலால் நம் நாட்டுக்கு வாங்குவோர் மார்பிலும் கையின் உட்புறத்திலும் சிறுதுளையிட்ட தோலைத் தேடுக. துளைகள் முழங்கையிலும் தோள்முனையிலும் இருத்தல் ஆகாது. கறுப்பு வெயிலை ஈர்க்கும். வெளிர்நிறம் ஓரளவு குளிர்ச்சி தரும், இரவிலும் கண்ணில் படும். உள்ளே வியர்வையை உறிஞ்சி விரைவில் காயும் மெல்லிய முழுக்கைச் சட்டை அணிந்தால், மேலங்கி உடலில் ஒட்டாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2018இல் தொடங்கிய மோட்டோகேப் என்னும் திட்டம் மோட்டார் சைக்கிள் ஆடைகளைச் சோதித்து, காப்புக்கு ஒரு மதிப்பும் வெப்பத் தணிவுக்குத் தனியே ஒரு மதிப்பும் அளிக்கிறது. அவ்விரண்டையும் ஒருங்கே பார்ப்பதே நமக்கும் ஏற்ற முறை. தோல் எவ்வாறும் ஒவ்வாதவர்க்கு, அதே தரச்சீட்டுப் பெற்ற வலைத்துணி மேலங்கிகளும் உண்டு. சீட்டைப் பார்த்து வாங்கினால் குற்றமில்லை.

பேணும் முறை

குளிர்நாட்டில் தோலுக்குப் பகை வறட்சி. நம் நாட்டில் ஈரம். வியர்வையின் உப்பு உள்துணியில் தங்கி, காற்றின் ஈரத்தை ஈர்த்து, தோலையும் நூலையும் சிறிது சிறிதாக நைக்கிறது. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். நம் வீடுகளில் அது அரிதன்று.

ஆகவே ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் மேலங்கியை அகன்ற தாங்கியில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் விரியத் தொங்கவிடுக. ஆணியில் மாட்டினால் கழுத்துப்புறத் தையல் இழுபடும். வாரம் ஒருமுறை உள்துணியை ஈரத்துணியால் துடைத்து உலர்த்துக. வெளியே ஒட்டிய தூசியையும் பூச்சிகளையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். அழுக்கு மிகுந்தால் தோலுக்கென விற்கும் கழுவுபொருளைப் பயன்படுத்துக. பதனிட்ட தோல் இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது. துணிச் சோப்பின் காரம் அதற்குப் பகை.

மழையில் நனைந்துவிட்டதா? துவாலையால் ஒற்றியெடுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர விடுக. கையுறைக்குள்ளும் காலணிக்குள்ளும் படித்து முடித்த நாளிதழைச் சுருட்டி வைத்து, அது நனைந்ததும் மாற்றுக. வெயில், அடுப்பு, வண்டியின் சூடான எஞ்சின், தலைமயிர் உலர்த்தும் கருவி ஆகியவற்றை நாடலாகாது. ஈரத்தோலை விரைந்து சூடாக்கினால் அது விறைத்துச் சுருங்கி வெடிக்கும். முற்றும் உலருமுன் சிறிது ஈரம் இருக்கும்போதே தோலுக்குரிய பசையை மெல்லப் பூசினால் மென்மை மீளும். மற்றபடி ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை பூசினால் போதுமானது. மிகையாகப் பூசினால் துளைகள் அடைபடும்.

நம் வீடுகளில் தேங்காயெண்ணெய் கைக்கெட்டும் பொருள். தலைக்கு நல்லது தோலாடைக்கும் நல்லதென்று சிலர் அதையே தடவுவர். அவ்வெண்ணெய் நாளடைவில் சிக்கெடுக்கும், பூஞ்சணத்துக்கும் உணவாகும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தோலிலுள்ள கொழுப்பையே கரைத்துவிடும். இவற்றை விலக்குக.

பூஞ்சணம் பூத்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்தூரிகையால் தட்டுக. பின்னர் வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, மறைவான ஓரிடத்தில் தொட்டு நிறம் போகவில்லை என்று கண்டபின், துணியில் நனைத்துத் துடைத்து நிழலில் உலர்த்துக. நெடுநாள் வைத்திருப்பதாயின் பிளாஸ்டிக் பையில் இடலாகாது. பருத்தித் துணியால் மூடி, அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றையும் வைக்க வேண்டும். பாலியூரித்தேன் அடி வைத்த காலணிகள் பயன்படுத்தாமல் கிடந்தாலும் ஈரக்காற்றால் சில ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். ஆகவே எடுத்து வைத்த காலணியை மீண்டும் அணியுமுன் அதன் அடியை வளைத்துப் பார்க்க வேண்டும்.

மாதம் ஒருமுறை தையல்களை விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் நைலான் நூல்கொண்டு பழைய துளைகள் வழியே தைக்கத் தெரிந்த செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். ஒருமுறை விபத்தில் இழுபட்ட மேலங்கி தன் கடனைச் செய்து முடித்துவிட்டது. அதன் தோலும் தையலும் அடிதாங்கியும் சோதிக்கப்பட வேண்டும். ஐயம் இருப்பின் மாற்றப்பட வேண்டும்.

காப்பின் எல்லை

தோலாடை எல்லாவற்றையும் தடுக்கும் என்று எண்ணுவதும் தவறு. சிப்பாங் பந்தயத்திடலில் 2011ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் மார்க்கோ சிமோன்செல்லி என்னும் இத்தாலிய வீரர் உயிரிழந்தார். உலகின் தேர்ந்த தோலாடையை அவர் அணிந்திருந்தார். விழுந்தவர்மீது பின்வந்த வண்டிகள் மோதின. அம்மோதலைத் தடுக்கும் ஆற்றல் தோலுக்கு இல்லை. 2018 முதல் மோட்டோ ஜிபி பந்தய வீரர் யாவரும் காற்றுப்பை பொருத்திய ஆடை அணிவது கட்டாயமாயிற்று. அவ்வாடையும் வழுக்குதலின் தீங்கையும் விழுதலின் அடியையும் குறைக்குமே தவிர, எதிரே வரும் லாரியை நிறுத்தாது. வேகத்தைக் குறைப்பதும், கண்ணைச் சாலையில் வைப்பதும் முதற்காப்பு. தோல் அதற்கு அடுத்த காப்பு.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே கூறிய 14 மீட்டர், 56 மீட்டர்க் கணக்கு அறிவியல் வகுப்பில் பத்து நிமிடத்தில் போட்டுக் காட்டத்தக்கது. தோல் என்னும் சொல்லின் பழம்பொருளைத் தமிழ் வகுப்பில் விளக்கும்போதும், கேடயம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடவில்லை என்று ஒரு சொல் சேர்க்கலாம். பள்ளி வாயிலில் தன் வண்டியை நிறுத்தி வணக்கம் கூறும் மாணவனின் தலைக்கவசத்தைப் பார்த்து மகிழ்வதோடு நில்லாமல், அவன் கைகளையும் பாருங்கள். அவை வெறுங்கைகளாயின், கையுறை எங்கே தம்பி என்று ஒருமுறை கேளுங்கள்.